வில்லுப்பாட்டு சாம்பிள் திடீர்னு காணோமா? காரணமும் தீர்வும் இதோ!

நெல்லை பக்கம் கோயில் கொடையில் பாடும் வில்லுப்பாட்டில் வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை ஒலிக்கும். அந்த ஒலிகளைப் பதிவுசெய்து கம்ப்யூட்டரில் பாட்டு அமைப்பவரா நீங்கள்? இதைக் கவனிங்க.

ஏன் காணாமல் போகிறது?

எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன் லைவ் போன்றவற்றில் வெளியிலிருந்து சேர்த்த சாம்பிள், பாட்டு ஃபைலுக்குள் போகாது. அது இருக்கும் இடம் மட்டுமே பதிவாகும். ஃபோல்டரை மாற்றினால் குடம் ஒலிக்காது.

என்ன செய்யணும்?

• ஒவ்வொரு கருவிக்கும் தனி ஃபோல்டர். ஃபைல் பெயரில் கருவி, ஊர், தேதி இருக்கட்டும்.

• ஏபிள்டனில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்', எஃப்எல்லில் 'ஜிப்டு லூப் பேக்கேஜ்' கொடுத்தால் சாம்பிளும் சேர்ந்தே சேமிக்கப்படும்.

• இன்னொரு ஹார்டு டிஸ்க்கிலும் காப்பி அவசியம். தொலைத்தால் அடுத்த கொடை வரை காத்திருக்கணும்!