தாளும் ஓரமும் தரும் சான்று: பழைய அஞ்சல்தலைகளின் நீர்க்குறியும் துளையளவும்

அஞ்சல்தலையின் முகப்பிலுள்ள உருவமும் எழுத்தும் அது எந்த நாட்டினது, என்ன விலையுடையது, எந்த ஆட்சியாளரின் காலத்தது என்பனவற்றைத் தெரிவிக்கின்றன. ஆனால் ஒரே வடிவம் பல ஆண்டுகள் மாறாமல் அச்சிடப்பட்டமையால், முகப்பில் வேறுபாடு காண இயலாத இரு தலைகள் வெவ்வேறு காலத்தனவாகவும், சில வேளைகளில் வெவ்வேறு அச்சகங்களில் உருவானவையாகவும் இருக்கக்கூடும். அவற்றைப் பிரித்தறிய உதவுவன தாளுக்குள் அமைந்த நீர்க்குறியும் ஓரத்தில் இடப்பட்ட துளைகளுமே ஆகும். ஒன்று போலியைத் தடுக்கவும் மற்றொன்று தலைகளை எளிதில் பிரிக்கவும் தோன்றின. இவ்விரண்டும் காலத்தைக் கணிக்கும் சான்றுகளான வரலாற்றையும், அவற்றைச் சேர்த்தே ஆராய வேண்டிய தேவையையும் இக்கட்டுரை பிரித்தானிய, இலங்கை, இந்திய அஞ்சல்தலைகளின் வழியே விளக்குகிறது.

மகுடமும் துளையும்

வாட்டர்மார்க் எனப்படும் நீர்க்குறி, தாள் உருவாகும்போதே அதனுள் பதியும் அடையாளமாகும். காகிதக்கூழை அள்ளும் கம்பிவலையின்மேல் கம்பியால் வளைத்த சிறு உருவங்களைப் பொருத்திவைத்தால் அவ்விடங்களில் கூழ் மெலிதாகப் படிகிறது. காய்ந்த தாளை ஒளிக்கு எதிரே பிடிக்கையில் அவ்வுருவம் வெளிறித் தெரிகிறது. 1840 மே மாதம் பிரித்தானியாவில் வெளியான ‘பென்னி பிளாக்’, தலைக்கு ஒன்றாகச் சிறு மகுடம் அமைந்த தாளில் அச்சிடப்பட்டது. முகப்பைப் போலியாகச் செதுக்கத் தெரிந்தவருக்கும் இத்தகைய தாள் எளிதில் கிட்டாது என்பதே அதன் நோக்கம். வரிசைக்கு 12 வீதம் 20 வரிசைகளில் 240 தலைகள் கொண்ட அத்தாள்களில் துளைகள் இல்லாமையால், தலைகளைக் கத்தரிக்கோலால் வெட்டியே பிரிக்க வேண்டியிருந்தது.

இக்குறையைப் போக்கும் திட்டத்தை அயர்லாந்தைச் சேர்ந்த ஹென்றி ஆர்ச்சர் 1847இல் அரசிடம் முன்வைத்தார். தலைகளுக்கிடையே சிறு கீறல்களை இடும் அவரது முதல் முயற்சி பயன்தராமற்போகவே, வட்டத் துளைகளைக் குத்தும் இயந்திரத்தை அவர் உருவாக்கினார். அதன் உரிமையை அரசு 1853இல் 4,000 பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது; 1854இல் துளையிட்ட தலைகள் முறையாக விற்பனைக்கு வந்தன. துளையளவு என்பது 2 சென்டிமீட்டர் நீளத்தில் அமையும் துளைகளின் எண்ணிக்கை. பாரிஸைச் சேர்ந்த மருத்துவர் லெக்ராண்ட் 1866இல் வகுத்த இம்முறையே இன்றும் வழக்கில் உள்ளது.

தொடக்கத்தில் துளையளவு 16ஆக இருந்தது. துளைகள் மிக நெருங்கி அமைந்ததால் தாள்கள் கையாளும்போதே பிரிந்துபோயின. எனவே 1855இல் அது 14ஆகக் குறைக்கப்பட்டது. அதே ஆண்டில் சிறு மகுட நீர்க்குறிக்குப் பதிலாகப் பெரு மகுடமும் வந்தது. பழைய தாளும் பழைய துளையளவும் உடனே கைவிடப்படாமையால், சிவப்பு ஒரு பென்னித் தலை சிறு மகுடத்துடன் 16, சிறு மகுடத்துடன் 14, பெரு மகுடத்துடன் 16, பெரு மகுடத்துடன் 14 என நான்கு சேர்க்கைகளிலும் கிடைக்கிறது. நீர்க்குறியை மட்டும் பார்ப்பவருக்கோ துளையை மட்டும் எண்ணுபவருக்கோ இரண்டு வகைகளே புலப்படும். இரண்டையும் பொருத்திப் பார்ப்பவருக்கே இம்மாற்றம் படிப்படியாக நிகழ்ந்த முறை விளங்கும்.

இலங்கையும் இந்தியாவும்

இலங்கையின் முதல் தலைகள் 1857இல் வெளியாயின. லண்டனின் பெர்க்கின்ஸ் பேக்கன் நிறுவனம் அச்சிட்ட அவற்றில் நட்சத்திர நீர்க்குறி இருந்தது, துளைகள் இல்லை. 1861இல் அதே தாளில் 14 முதல் 15½ வரையிலான அளவில் துளைகள் இடப்பட்டன. அவற்றுள் சில சீராக வெட்டுண்டும் சில பிசிறுடனும் காணப்படுவதால், துளையின் தன்மையும் வகைப்படுத்தலுக்கு உதவுகிறது. பின்னர் அச்சுப் பணி டி லா ரூ நிறுவனத்துக்கு மாறியது. இடைக்காலத்தில் நீர்க்குறியற்ற தாளும், 1863 முதல் மகுடத்துடன் ‘சிசி’ எழுத்துகள் கொண்ட தாளும் பயன்பட்டன. ‘கிரவுன் காலனீஸ்’ என்பதன் சுருக்கமான அவ்வெழுத்துகள், குடியேற்ற நாடுகள் பலவற்றுக்கும் ஒரே தாள் வழங்கப்பட்டதைக் காட்டுகின்றன. 1880களில் அவற்றின் இடத்தில் ‘கிரவுன் ஏஜென்ட்ஸ்’ என்பதைக் குறிக்கும் ‘சிஏ’ எழுத்துகள் வந்தன.

இந்தியாவில் 1854இல் கல்கத்தாவில் கல்லச்சில் உருவான தலைகளின் தாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம் பெரிதாகப் பதிந்திருந்தது. முழுத் தாளுக்கும் ஒரே நீர்க்குறி என்பதால் தனித்தலையில் அதன் சில கோடுகளே அகப்படும். சிலவற்றில் எதுவுமே இராது. பின்னர் டி லா ரூ அச்சிட்ட தலைகளில் 1865இல் யானைத்தலையும் 1880களின் தொடக்கத்தில் நட்சத்திரமும் நீர்க்குறிகளாயின. இக்காலம் நெடுகிலும் துளையளவு பெரும்பாலும் 14ஆகவே நிலைத்தமையால், இந்தியத் தலைகளில் நீர்க்குறிக்கே கூடுதல் எடை உண்டு.

ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலைகள் இதற்குத் தெளிவான சான்றாகும். லண்டனில் அச்சான தலையில் ஒரு நட்சத்திரம் மட்டும் தெரியும். 1926 முதல் நாசிக் பாதுகாப்பு அச்சகத்தில் அச்சான தலையிலோ பல நட்சத்திரங்கள் அடுத்தடுத்து நிற்கும். மன்னரின் உருவமும் துளையளவும் ஒன்றாகவே இருக்க, அச்சுப்பணி இந்தியாவுக்கு இடம்பெயர்ந்த செய்தியைத் தாள் மட்டுமே தாங்கி நிற்கிறது. விடுதலைக்குப் பின் 1957இல் நயா பைசாவுடன் வந்த இந்திய வரைபடத் தலைகளிலும் முதலில் நட்சத்திரங்களும், 1958 முதல் அசோகத் தூணின் சிங்க முகடும் நீர்க்குறிகளாக அமைந்தன.

ஆய்வு முறையும் எச்சரிக்கையும்

நீர்க்குறியைக் காணத் தலையைக் கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்துச் சில துளி பென்சின் விடுவது வழக்கம். தாள் மெலிந்த இடங்களில் தட்டின் கருமை கூடுதலாக ஊடுருவுவதால் குறியின் வடிவம் புலப்படுகிறது. பின்புறத்திலிருந்து காண்பதால் எழுத்துகள் இடவலம் மாறித் தோன்றலாம் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பென்சின் எளிதில் தீப்பற்றக்கூடியது. சில மைகளைக் கரைக்கவும் கூடும். துளையளவை மேல் ஓரத்திலும் பக்க ஓரத்திலும் தனித்தனியே அளப்பது இன்றியமையாதது. இரண்டும் மாறுபட்டால் கிடை அளவை முதலிலும் நெடுக்கை அளவை அடுத்தும் குறிப்பது மரபு.

துளைகளை வெட்டி நீக்கித் துளையற்ற அரிய தலையாகக் காட்டும் மோசடி நெடுங்காலமாக உண்டு. துளையற்ற இலங்கைத் தலை ஒன்றில் ‘சிசி’ நீர்க்குறி இருப்பின் அது 1857ஆம் ஆண்டு வெளியீடாக இருக்க இயலாது. ஆனால் நட்சத்திரக் குறி இருப்பின் ஐயம் தீராது. 1861ஆம் ஆண்டுத் தலையின் துளைகளை வெட்டினாலும் அதே குறியே எஞ்சும். அந்நிலையில் நாற்புறமும் போதிய அகலமுள்ள ஓரமோ, பிரிக்கப்படாத இணையோதான் தீர்ப்பளிக்கும்.

ஆகவே, நீர்க்குறி தாளின் காலத்தையும் துளை இயந்திரத்தின் காலத்தையும் கூறுகின்றன. அவை ஒருங்கே மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தாளும் இயந்திரமும் ஒப்பந்தமும் தனித்தனியே மாறிய வரிசையை அறிந்து, இரு சான்றுகளும் பொருந்தும் இடத்தில் தலையின் காலத்தை நிறுவுவதே அஞ்சல்தலையியலின் உறுதியான வழியாகும்.