அச்சாரமும் உறுதியும்

திருகோணமலை நகரிலிருந்து கடற்கரை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து, ஏறத்தாழ 45 கிலோமீற்றர் தொலைவில் திரியாய் என்னும் பழைய ஊரை அடைவர். வயலும் குளமும் சூழ்ந்த அவ்வூரின் அருகே ஒரு குன்று உண்டு. அதன் உச்சியில், வட்டமாக நிறுத்திய கற்றூண்களின் நடுவே பழைய பௌத்த தாதுகோபம் ஒன்று இருக்கின்றது. அக்குன்றின் பாறையொன்றில் வடமொழிச் சாசனம் பொறிக்கப்பட்டுள்ளது. அதன் எழுத்து தென்னாட்டுப் பல்லவர் காலத்துக் கிரந்த எழுத்தை ஒத்தது, காலம் கி.பி. 7ஆம் அல்லது 8ஆம் நூற்றாண்டு என்பர். கடலோடுவதிலும் கொள்வதிலும் கொடுப்பதிலும் வல்லவரான வணிகர் கூட்டத்தினர் அத்தாதுகோபத்தை நிறுவிய செய்தியை அது கூறுகின்றது.

அச்சாசனம் விற்பனைப் பத்திரமன்று, அறச்செயலொன்றின் பதிவே. எனினும் கொடுக்கல் வாங்கலையே தொழிலாகக் கொண்டவர்கள், நிலைத்திருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லளவில் விட்டுவிடாது கல்லில் எழுதிவைத்தனர் என்பது நோக்கற்பாலது. அக்குன்றின் அடிவாரத்தில் வாழ்ந்த மக்களுக்கோ, எழுதிவைத்ததும் வைக்காததும் எத்துணை வேறுபட்டவை என்பதை 1985ஆம் ஆண்டு உணர்த்தியது. அதனை விளங்கிக்கொள்வதற்கு, வீடு வாங்குவோனுக்கு இந்நாட்டில் உரிமை எப்போது பிறக்கின்றது என்னும் பழைய வினாவிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

தமிழரிடையே விலை பேசி முடித்ததற்கு அடையாளமாகக் கொடுக்கும் சிறுதொகைக்கு அச்சாரம் என்று பெயர். மாட்டுக்கும் அச்சாரம் உண்டு, தோணிக்கும் உண்டு, வீடுவளவுக்கும் உண்டு. வெற்றிலை பாக்குடன் பணம் கைமாறியபின் விற்பவன் வேறொருவனுக்கு விற்றல் முறையன்று. வாங்குபவன் பின்வாங்கினால் அச்சாரத்தை இழப்பான். இதற்குக் காவலாக நின்றது சட்டமன்று, அயலவரின் கண்ணே. சொன்ன சொல்லை மீறியவன் அடுத்த நாளும் அதே கிணற்றடிக்கும் அதே கோயில் வாசலுக்கும் வந்தாக வேண்டுமாதலால் அக்காவல் போதியதாயிருந்தது. விற்பவன் அயலூரானாகவும் வாங்குபவன் யாரென்று அறியப்படாதவனாகவும் ஆனபோதுதான் அதன் வலிமை குன்றிற்று.

ஒல்லாந்தர் காலத்தில் அயலவரின் கண்ணை அரசினர் ஓர் ஒழுங்குக்குள் கொணர்ந்தனர். 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமை, யாழ்ப்பாணத்துக் காணி விற்பனையைப் பற்றிக் கூறுமிடத்து, விற்க எண்ணுபவன் தன் எண்ணத்தை அடுத்தடுத்து மூன்று ஞாயிறுகளில் தேவாலயத்தில் அறிவிக்கச் செய்தல் வேண்டும் என விதிக்கின்றது. உரித்தாளரும் பங்காளரும் அயற்காணிக்காரரும் மறுப்புச் சொல்ல அதனால் வாய்ப்புக் கிடைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் சாட்சியின் இடத்தைக் கையொப்பம் பிடித்துக்கொண்டது. பொய்ச்சாட்சியும் கள்ளப் பத்திரமும் நீதிமன்றங்களை நிறைத்தன என்னும் முறைப்பாட்டிலிருந்து பிறந்ததே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம். காணி, வீடு முதலிய அசைவற்ற ஆதனத்தை விற்பதாயினும், பின்னர் விற்பதாக இன்று உடன்படுவதாயினும், அது எழுத்தில் அமைதல் வேண்டும். பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒருங்கே இருக்கக் கையொப்பமிடல் வேண்டும். அன்றேல் சட்டத்தின் முன் அதற்கு வலுவில்லை. இது 1677ஆம் ஆண்டின் இங்கிலாந்துச் சட்டமொன்றைத் தழுவியது. ஆயினும் வழிகாட்டியினும் வழிவந்தது கடுமையானது. இங்கிலாந்தில் எழுத்துக் குறையுடைய உடன்படிக்கையையும், ஒருவன் அதை நம்பிப் பணங்கொடுத்துக் குடிபுகுந்திருப்பின், அறநெறி நோக்கிய நீதிமன்றங்கள் காத்து வந்தன. இலங்கை நீதிமன்றங்களோ அச்சலுகையை ஏற்கவில்லை.

ஆகவே இங்குப் புதுவீடு ஒன்றைத் தனக்கென ஒதுக்கிவைக்குமாறு கேட்டு முற்பணம் கொடுத்துத் துண்டொன்றை வாங்கிக்கொள்பவனின் நிலை யாது? திரியாயிலிருந்து பிள்ளைகளின் படிப்பின் பொருட்டுத் திருகோணமலை நகருக்குக் குடிபெயர எண்ணும் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். நெல் விற்ற பணத்தில் ஒரு பகுதியைக் கட்டுநரிடம் கொடுக்கின்றார். சுவர் எழும்பியிருக்கின்றது, கூரை இன்னும் ஏறவில்லை. துண்டிலே தொகையும் திகதியும் ஒப்பமும் உள, முத்திரையும் ஒட்டப்பட்டுள்ளது. மூன்று மாதத்தின் பின் வேறொருவர் கூடிய விலை கேட்கின்றார். கட்டுநர் அவருக்கே உறுதி முடிக்கின்றார். முதலில் வந்தவர் நீதிமன்றம் சென்றால் கொடுத்த பணத்தை மீட்கலாம். வீட்டை மீட்க முடியாது. ஒப்பமும் முத்திரையும் அத்துண்டை உறுதியாக்குவதில்லை. கையில் எழுத்து இருக்கும்போதே ஏமாற நேர்வதுதான் இதில் கொடுமை.

அதே மனிதர் அதே நாளில் நொத்தாரிசிடம் சென்று விற்பனை உடன்படிக்கையை உறுதியாக எழுதுவித்திருந்தால் நிலை வேறு. வாக்களித்தபடி வீட்டையே எழுதித் தருமாறு விற்பவனைக் கட்டாயப்படுத்தும் கட்டளையை நீதிமன்றத்திடம் கேட்கலாம். இப்பரிகாரம் ஆங்கிலச் சட்டத்தையன்றி உரோம ஒல்லாந்தச் சட்டத்தைச் சார்ந்தது என்பதை 1955ஆம் ஆண்டில் இலங்கை உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்திற்று. நட்டஈடு பெற்றுக்கொண்டு போ என்று வாங்குபவனைத் திருப்பியனுப்பும் உரிமை விற்பவனுக்கு இயல்பாக இல்லை. உடன்படிக்கையில் அப்படி எழுதியிருந்தாலன்றி. இக்காரணத்தாலேயே நட்டஈட்டைப் பற்றிய வாசகத்தை வாங்குபவர் இருமுறை படித்தல் நன்று. முடிக்கும் காலத்தையும், காலந் தவறின் என்ன என்பதையும், குறைபாடுகளை யார் திருத்துவது என்பதையும் விட்டுவிட்டு, விலையை மட்டும் எழுத்திலும் எண்ணிலும் பொறிக்கும் உடன்படிக்கைகள் மிகப் பல.

உறுதி எழுதினால் மட்டும் போதுமா? மற்றொருவருக்கு விற்றுவிட்டால்? இதற்கு விடை 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் உண்டு. முன்னமே ஓர் உடன்படிக்கை இருப்பதை அறிந்துகொண்டு ஆதனத்தை வாங்குபவன், அவ்வுடன்படிக்கையை நிறைவேற்றத் தேவையான அளவுக்கு, முதல்வனின் நன்மைக்காகவே அதனை வைத்திருப்பவனாகக் கருதப்படுவான். ஆனால் ஒரு நிபந்தனை: அசைவற்ற ஆதனமாயின் அவ்வுடன்படிக்கை அதற்கு முன்னரே காணிப் பதிவுக் கந்தோரில் பதியப்பட்டிருத்தல் வேண்டும். பதிவுச் செலவை மிச்சம்பிடிக்க எண்ணுவோர் இழப்பது இப்பாதுகாப்பையே.

இவை யாவும் கந்தோர்ச் சடங்குகள் என ஒருவர் சலித்துக்கொள்ளக்கூடும். திரியாயின் அண்மைக்கால வரலாறு அச்சலிப்புக்கு மறுமொழி கூறும். 1985ஆம் ஆண்டில் அவ்வூர் வன்செயலுக்கு இலக்காயிற்று. வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிபோயின, மக்கள் ஊரை விட்டு அகன்றனர். நெடுங்காலம் மனித நடமாட்டமற்றுக் கிடந்த ஊருக்கு, 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை அடுத்தே குடும்பங்கள் சிறிது சிறிதாகத் திரும்பலாயின. வீடு எரியும்போது பெட்டியும் எரியும். பெட்டிக்குள் இருந்த பத்திரங்களும் எரியும்.

இங்கேதான் நொத்தாரிசுச் சட்டத்தின் அருமை தெரிகின்றது. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி ஓர் உறுதி ஒரே பிரதியாகப் பிறப்பதில்லை. மூலப்பிரதி உரியவர் கைக்குச் செல்லும். ஒரு பிரதி நொத்தாரிசின் கட்டில் தங்கும். இணைப்பிரதி மறுமாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவாளருக்கு அனுப்பப்படும். ஆதலால் திரியாயில் ஓர் ஓலைக்கூரையோடு சேர்ந்து எரிந்த உறுதி முற்றாக அழிந்துவிடவில்லை. அதன் உடன்பிறப்பு வேறொரு கட்டடத்தின் அலமாரியில் உயிரோடிருந்தது. தேடுதற் கட்டணம் செலுத்தி அத்தாட்சிப்படுத்திய பிரதியைப் பெறலாம்.

முற்பணத் துண்டுக்கு உடன்பிறப்பு இல்லை. அது எரிந்தால் எரிந்ததுதான். இழப்பு அத்தோடும் நிற்கவில்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, எழுத்தில்லாத உடன்படிக்கை பற்றிய வழக்கை மூன்றாண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும்; எழுத்துள்ளதாயின் ஆறாண்டு. 1985இல் ஊரைவிட்டு ஓடியவன் 2002இல் திரும்பி வந்து, அன்று கொடுத்த முற்பணத்தைத் தா என்று கேட்பின், சட்டம் அவனுக்கு எங்ஙனம் துணைநிற்கும்?

அதே கட்டளைச் சட்டம், பிறர் காணியைப் பத்தாண்டு காலம் தடையின்றித் தனதெனக் கொண்டு ஆள்பவனுக்கு உரிமை வழங்குகின்றது. இடம்பெயர்ந்தோருக்கு இது பெரும் அச்சமாயிருந்தது. அதனைப் போக்குதற்கே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் இயற்றப்பட்டது. 1983 மே 1ஆம் திகதி முதல் 2009 மே 18ஆம் திகதி வரையுள்ள காலத்தில், தீவிரவாதச் செயல்களின் காரணமாக நீதிமன்றத்தை நாட இயலாதிருந்தோருக்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என்று அது விதித்தது. ஆனால் அது காத்தது காணியையும் வீட்டையும் மீட்கும் உரிமையையே. கொடுத்த அச்சாரத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இப்பகுதியில் வீடு வாங்குவோர் காணியின் வகையையும் அறிந்திருத்தல் வேண்டும். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் வழங்கிய காணியை அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. மாற்றினால் அது செல்லாது. நொத்தாரிசின் ஒப்பமும் அக்குறையை நீக்காது. கடலோரமாயின் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கிடும். உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். பழைய சின்னங்களின் அயலில் 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் உண்டு. திரியாயிலோ குன்றும் கடலும் இரண்டும் அருகருகே உள.

மாடிவீடுகள் வந்தபோது வினா மேலும் சிக்கலாயிற்று. மண்ணுக்கு உரியவனே அதன்மேல் எழும் கட்டடத்துக்கும் உரியவன் என்பது உரோம ஒல்லாந்தச் சட்டத்தின் கொள்கை. அப்படியாயின் நான்காம் மாடியில் வீடு வாங்கியவனுக்கு எது சொந்தம்? 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டம் இதற்கு வழிகண்டது. கட்டி முடியாத கட்டடங்களைப் பற்றிய ஏற்பாடு 2003ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கத் திருத்தத்தால் வந்தது. முழுமை பெறாத தொகுதியையும் தற்காலிக வரைபடத்தின் மூலம் பதியலாம் என்றாயிற்று. வரைபடத்தில் மட்டும் இருந்த வீட்டுக்கு அதனால் பதிவேட்டில் ஓர் இடம் கிடைத்தது.

பாக்குநீரிணைக்கு அப்பால் இன்னொரு வழி கண்டனர். இந்தியாவின் 2016ஆம் ஆண்டு நிலைச்சொத்துச் சட்டம், எழுத்துமூல உடன்படிக்கையைப் பதிவு செய்யாது, கட்டுநர் விலையில் பத்திலொரு பங்குக்கு மேல் முற்பணம் வாங்கலாகாது என்று தடுக்கின்றது. வாங்குவோரிடம் பெறும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் இட்டு அவ்வேலைக்கே செலவிடல் வேண்டும். காலத்தில் வீட்டை ஒப்படைக்கத் தவறின், விலக விரும்புபவருக்குப் பணத்தை வட்டியுடன் திருப்புதல் வேண்டும். கட்டுமானக் குறைபாட்டுக்கு ஐந்தாண்டுப் பொறுப்பும் உண்டு. தமிழ்நாட்டில் இதற்கென அதிகாரசபை 2017இல் அமைந்தது. எழுதாத சொல்லுக்கு வலுவில்லை என்று 1840ஆம் ஆண்டுச் சட்டம் வாங்குபவனை எச்சரித்தது. எழுதாமல் பணத்தைத் தொடாதே என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் விற்பவனை எச்சரிக்கின்றது. சுமை யார் தோளில் ஏற்றப்பட்டது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இலங்கையில் தனிவீட்டுக்கு முற்பணம் கொடுப்பவனுக்கு 1840ஆம் ஆண்டு விதியே இன்னும் ஆளுகின்றது. அவன் முதலில் செல்ல வேண்டிய இடம் காணிப் பதிவுக் கந்தோர். அக்காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், விற்றவர் யார், ஈடு வைத்தவர் யார், முன்னரே உடன்படிக்கை செய்தவர் உளரோ என்பவை வரிசையாகத் தெரியும். திரியாய்க்குத் திரும்பி வந்தவர்கள் தம் எரிந்த உறுதிகளைத் தேட வேண்டியிருந்ததும் அத்தகைய பக்கங்களிலேயே.