மட்டக்களப்பு மனையும் எழுபத்தெட்டுச் சூறாவளியும்

இலங்கையின் கிழக்குக் கரையில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் வாவி, மட்டக்களப்பு நிலத்தை இரு கூறாக்குகின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிவது படுவான்கரை. இவ்விரு கரைகளிலும் வாழ்ந்த குடிகள் இயற்கையின் சீற்றத்தை எவ்வாறு எதிர்நோக்கினர் என்பது வரலாற்று நூல்களில் மிகுதியாகப் பேசப்படுவதில்லை. மன்னரும் தேசாதிபதிகளும் நிறைந்த வரலாற்றில் ஒரு வீட்டுப் பரணுக்கு இடமேது? ஆயினும் 1978 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள் இரவு நிகழ்ந்த பேரழிவை விளங்கிக்கொள்ள விழைவோர் அப்பரணிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

இப்பிரதேசம் தன் ஆண்டு மழையின் பெரும்பகுதியை ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரிகாலத்திலேயே பெறுகின்றது. மேற்கிலிருந்து ஓடிவரும் ஆறுகள் வாவியை நிரப்புகின்றன. கோடையில் மணல் மூடிய முகத்துவாரம் திறக்கும்வரை அந்நீர் கடலைச் சேர வழியில்லை. வயலிலும் வளவிலும் ஏறி நிற்கும். எனவே, வெள்ளம் இங்கு எதிர்பாராத விபத்தன்று. ஆண்டுதோறும் வரும் விருந்தாளி எனலாம். அதற்கேற்பவே மனையும் அமைந்தது. மேடான நிலத்தை நாடிக் குடியிருத்தல், மழைக்கு முன்னரே கூரையைப் புதுக் கிடுகால் வேய்தல், நெல்லையும் காய்ந்த விறகையும் கருவாட்டையும் உப்பையும் நீரெட்டாத உயரத்தில் சேமித்தல், மாடுகளை மேட்டுநிலத்துக்குச் சாய்த்தல், வழிகள் மூழ்கும் நாட்களுக்கெனத் தோணியைப் பழுதுபார்த்து வைத்தல் ஆகியன எவரும் ஆணையிடாமலே நடந்தன. முகத்துவாரத்தை எப்போது வெட்டிவிடுவது என்பதிலும் வயல் மூழ்குமே என்று அஞ்சும் கமக்காரனின் கணக்கு ஒன்று. மீனும் இறாலும் கடலோடு போய்விடுமே என்று அஞ்சும் மீனவனின் கணக்கு வேறொன்று. இவ்விழுபறியும் ஓர் ஆயத்தமே. 1957 டிசம்பர் மாதப் பெருவெள்ளம் இவ்வாயத்தங்கள் அனைத்தையும் மீறிச் சென்றது உண்மையே. எனினும் அது அறிந்த பகைவன். அளவில் மட்டுமே பெரியது.

சூறாவளியின் இயல்பு வேறு. மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்கும் உட்பட்ட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. வங்காள விரிகுடாவிற் பிறக்கும் புயல்களிற் பெரும்பாலானவை வடமேற்கும் வடக்கும் நோக்கிச் சென்று, தமிழ்நாடு, ஆந்திரம், ஒரிசா, வங்கம் ஆகியவற்றின் கரைகளையே தாக்குகின்றன. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் திருகோணமலைப் பக்கமாகப் புகுந்து மன்னார் வழியே சென்றதன்றி, மட்டக்களப்பைத் தன் மையமாகக் கொள்ளவில்லை. கிழக்குக் கரையை 1907 மார்ச்சில் ஒரு சூறாவளி தாக்கியது. அதற்கும் 1978 க்கும் இடைப்பட்ட காலம் எழுபத்தொரு ஆண்டுகள். 1907 இல் பத்து வயதுச் சிறுவனாயிருந்தவன் 1978 இல் உயிரோடிருந்தால் எண்பத்தொரு வயது முதியவன். வெள்ளத்தைத் தந்தை மகனுக்கு ஆண்டுதோறும் கற்பித்தான். சூறாவளியைக் கற்பிப்பதற்கோ அவனே அதனைக் கண்டவனல்லன்.

இதன் விளைவு கொடிது. வெள்ளத்துக்கென வகுத்த ஆயத்தம் காற்றுக்கு உதவாததோடு, சிலவிடத்து எதிராகவும் திரும்பியது. நீரெட்டாத உயரத்தில் ஏற்றிய பொருளே கூரை பறந்ததும் முதலில் மழைக்கு இரையாகும். மேட்டுநிலத்து மனையே காற்றின் முழு வேகத்தையும் ஏற்கும். நிழலும் வருவாயும் தந்த தென்னை வீட்டின்மேல் வீழும் பாரமாகும். மழையில் ஊறிய மண்சுவர் காற்றின் உதைப்பைத் தாங்காது. இவற்றிலும் முக்கியமானது அறிவின் முரண்பாடு ஆகும். நீர் வடியத் தொடங்கினால் ஆபத்து நீங்கிற்று என்பது வெள்ளம் தந்த பாடம். சூறாவளியின் கண் கடந்து செல்லும் இடத்திலோ காற்று திடீரென அடங்கும். அவ்வமைதி முடிவன்று, நடுவே. சிறிது நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து முன்னைய வேகத்தோடு திரும்பும். வெள்ளத்தில் மட்டுமே பழகியவன் அவ்வமைதியை நம்பி வெளியே வருவது அறியாமையன்று. தனக்குத் தெரிந்த அனுபவத்தின்படி நடப்பதேயாகும்.

நாட்டில் ஏறத்தாழத் தொளாயிரம் உயிர்கள் மாண்டன. பாதிக்கப்பட்டோர் தொகை பத்து இலட்சத்தை எட்டியது. பள்ளிகள் பல கூரையிழந்தன, நெற்களஞ்சியங்கள் சிதைந்தன, மீனவரின் வள்ளங்களும் வலைகளும் அழிந்தன. பெரும்போக வேளாண்மை வயலில் இளம்பயிராக நின்ற வேளை அது. மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களிற் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. உயிரிழப்புக்கு அடுத்து நெடுங்காலம் உறைத்த இழப்பு இதுவே எனல் பொருந்தும். நெல் அடுத்த போகத்தில் விளையலாம். நட்ட தென்னம்பிள்ளை காய்க்கவோ ஆறேழு ஆண்டுகள் செல்லும். தேங்காய் மட்டுமன்று, கூரை வேயும் கிடுகும் வேலியடைக்கும் மட்டையும் அம்மரத்திலிருந்தே கிடைத்தன. வீட்டை மீளக் கட்டுவதற்கான பொருளும் வீட்டோடு வீழ்ந்தது.

அரசின் நிலையையும் ஈண்டு நோக்குதல் தகும். நிவாரணம் வந்தது. ஆயினும் அனர்த்த முகாமைத்துவத்துக்கெனத் தனிச்சட்டம் ஒன்று 2005 ஆம் ஆண்டிலேயே, 13 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அதற்கும் 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை முப்பதினாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொள்ள வேண்டியிருந்தது. கிழக்கின் இருபத்தாறு ஆண்டுகாலத் துயர நினைவு அத்தகைய சட்டத்தைப் பிறப்பிக்கப் போதுமானதாயிருக்கவில்லை. மறதி கிராமத்து மனைக்கு மட்டும் உரியதன்று. ஆழிப்பேரலையோ, 1907 போன்ற ஒரு மங்கிய முன்னினைவுகூட இன்றி வந்தது. கடல் உள்வாங்கியதைக் கண்டு கரையோரம் சென்றோர் பலர். சூறாவளியின் கண்ணில் நிலவும் பொய்யமைதிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை கவனிக்கற்பாலது.

மட்டக்களப்பில் அந்நிகழ்ச்சி இன்றும் எழுபத்தெட்டுச் சூறாவளி என்றே வழங்கப்படுகின்றது. இறந்தோர் தொகையையும் வீழ்ந்த மரங்களின் தொகையையும் அறிக்கைகள் தருகின்றன. எந்தச் சுவர் நின்றது, எந்தக் கூரை எப்பக்கமாகப் பெயர்ந்தது, காற்று அடங்கிய அந்த இடைவேளையில் யார் எங்கே ஒதுங்கித் தப்பினர் என்பன அறிக்கைகளுள் அடங்குவன அல்ல. அவற்றைச் சொல்ல வல்லோர் இரு கரைகளிலும் இன்னும் உளர். அன்று பத்து வயதினராயிருந்தோர் இப்போது ஐம்பத்தைந்தைக் கடந்துவிட்டனர்.