உதுமாலெப்பையின் பேரன் உஸ்மான்: கல்முனைக் கரையில் அருகிவரும் பெயர்கள்

கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கம் எழுபது வயதைக் கடந்தவர்களின் பெயர்களைக் கேட்டுப்பாருங்கள். ஆதம்பாவா, மீராலெப்பை, உதுமாலெப்பை, இப்றாலெப்பை, உதுமான்கண்டு, அலியார் என்று வரும். பெண்களில் பாத்தும்மா, ஆசியாஉம்மா. இன்று பிறக்கும் பிள்ளைக்கு இவற்றைச் சூட்டுவோர் மிகக் குறைவு.

இவற்றில் பெரும்பாலானவை அரபுப் பெயர்களே. தமிழ் நாவில் பழகியவை. அலீ என்பதோடு நமது மரியாதை விகுதி சேர்ந்து அலியார் ஆயிற்று. இப்றாஹீம் சுருங்கி, ஓதிக்கொடுப்பவரைக் குறிக்கும் லெப்பையோடு இணைந்தது. பாவா என்பது பக்கீர்மாரை அழைக்கும் சொல். சித்திலெவ்வை 1885இல் வெளியிட்ட நாவலிலும் ஹஸன் 'அசன்' என்றே வருகிறார். இன்று திருத்தமானதாகக் கருதப்படும் உஸ்மான் பாரசீக, உருது உச்சரிப்பு வழி வந்தது. மூல அரபு ஒலிக்கு நெருக்கமானது பாட்டனின் 'உதுமான்'தான்!

இறைநேசர்கள் வழியாக வந்த பெயர்களும் உண்டு. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேறுவது நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக. மீராசாகிபு என்பதும் அவரைச் சார்ந்த பெயரே. முகைதீன், பக்தாதில் அடங்கியுள்ள அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப்பெயர்.

எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிய வளைகுடாப் பயணம், அரபுக் கல்லூரிகள், தர்கா மரபை ஏற்காத சீர்திருத்தவாதம் ஆகியவை பெயர்களை மாற்றின. தமிழ்-முஸ்லிம் உறவைப் போர் பிளந்தபோது, தமிழ் ஒட்டுள்ள பெயர்கள் மேலும் விலகின. ஆயினும் போரை மட்டும் காரணமாக்குவது சரியல்ல.

இந்த மாற்றத்தின் சிக்கல் காணி உறுதியில் தெரியவரும். உறுதியில் உதுமாலெப்பை, அடையாள அட்டையில் உஸ்மான் லெப்பை என்றிருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவரலாம். போரிலும் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையிலும் பத்திரங்களை இழந்த குடும்பங்களுக்கு இது இரட்டைச் சுமை. பிறப்புப் பதிவின்போது தகப்பன், பாட்டன் பெயர்களைப் பழைய பத்திரத்தில் உள்ள எழுத்துப்படியே கொடுப்பது நல்லது.

பழைய பெயர்கள் முழுதாக மறைந்துவிடவுமில்லை. யூ.எல்., ஏ.எல். என்று முதலெழுத்துப் போடும் இளைஞரிடம் விரித்துச் சொல்லக் கேளுங்கள். அந்த 'எல்' பெரும்பாலும் லெப்பைதான்.