வெள்ளிமலைக் கொடியும் நம் பால்கனி ஹோயாவும்

நம் குடியிருப்பில் இப்போது பல பால்கனிகளில் ஹோயா தொங்குகிறது. தடித்த இலை, மெழுகில் வார்த்தது போன்ற சிறு பூக்கள், நட்சத்திரத்துக்குள் இன்னொரு நட்சத்திரம். பெரும்பாலும் ஒருவரிடமிருந்து ஒருவர் துண்டு வாங்கி வைத்தவைதான். "இது எந்த வகை?" என்று கேட்டுப் பாருங்கள், மூன்று வீட்டில் மூன்று பெயர் வரும். இந்தக் குழப்பம் நம்மோடு தொடங்கியதல்ல. அதன் வயது இருநூறு ஆண்டுக்கும் மேல். அதில் ஒரு பகுதி நம் வெள்ளிமலைப் பக்கத்துக் கொடி ஒன்றைச் சுற்றியே நடந்திருக்கிறது.

அடுத்த முறை கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும்போது வேலிகளையும் புதர்களையும் கவனியுங்கள். கொடிப்பாலை கண்ணில் படலாம். எதிரெதிரே அமைந்த அகன்ற இலைகள், கொத்தாகத் தொங்கும் பச்சைப் பூக்கள், இரண்டிரண்டாக வரும் காய்கள். காய் முற்றி வெடித்தால் பஞ்சு கட்டிய விதைகள் காற்றில் பறக்கும். தமிழ்நாட்டின் பல இடங்களில் காணப்படும் சாதாரணக் கொடிதான் இது. ஆனால் இதற்கு வைத்த பெயர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

1689-ல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான 'ஹோர்துஸ் மலபாரிகஸ்' ஒன்பதாம் தொகுதியில் இது மலையாளப் பெயரோடு, வட்டகாக்கக்கொடி என்று இடம்பெற்றது. பிறகு லின்னேயஸின் மகன் இதை 'அஸ்கிளேப்பியஸ் வோலுபிலிஸ்' என்றார். 1810-ல் ராபர்ட் பிரவுன் 'ஹோயா' என்ற பேரினத்தை உருவாக்கினார். இங்கிலாந்தில் நார்தம்பர்லாந்து பிரபுவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயர் அது. நம் கொடிப்பாலையையும் அவர் அதில் சேர்த்து, பச்சைப் பூ என்ற பொருளில் 'ஹோயா விரிடிஃப்ளோரா' என்றார். ஆக, நம் வேலிக்கொடியும் கொஞ்ச காலம் ஹோயாவாக இருந்திருக்கிறது!

அந்தப் பெயரும் நிலைக்கவில்லை. 1857-ல் ஹாஸ்கார்ல் பழைய மலையாளப் பெயரையே எடுத்து 'வட்டகாக்கா' என்று தனிப் பேரினம் அமைத்தார். 1883-ல் ஹூக்கரின் இந்தியத் தாவர நூல் 'டிரேஜியா' என்றது. அண்மை ஆண்டுகளில் 'ஸ்டெஃபனோட்டிஸ்' என்கிறார்கள். தமிழ்ப் பெயரைப் பிடித்துக்கொண்டால் போதுமே என்று நினைப்பீர்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கொடிப்பாலை இது, பாலைக்கொடி என்பதோ வேறொரு செடி. இரண்டும் மருந்துக்குப் பயன்படுபவை. பால்கனியில் பெயர் மாறினால் ஒன்றும் ஆகாது. கஷாயத்தில் மாறினால் உடம்புக்கு ஆகாது.

உண்மையான ஹோயாக்களும் தென்னிந்திய மலைகளில் இருக்கின்றன. 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராகச் சென்னை வந்த ராபர்ட் வைட் அவற்றைச் சேகரித்து விவரித்தவர்களில் முக்கியமானவர். காகிதத்தில் வைத்து அழுத்திக் காயவைத்தால் ஹோயாவின் சதைப்பற்றான பூ சுருங்கி உருமாறிவிடும். அதனால் படம் மிக அவசியம். வைட்டுக்காக வரைந்தவர்கள் நம் நாட்டு ஓவியர்களான ரங்கையாவும் கோவிந்துவும். 1838 முதல் 1853 வரை வெளியான வைட்டின் படத்தொகுப்பில் 2000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. 'ஹோயா பாசிஃப்ளோரா' அவற்றில் ஒன்று. இத்தனைக்குப் பிறகும் 1978-ல் 'ஹோயா கன்னியாகுமரியானா' என்ற புதிய இனம் விவரிக்கப்பட்டது. இன்று வெளிநாட்டு வீடுகளிலும் அது வளர்கிறது.

இத்தனை முறை பெயர் மாறியும் கொடிப்பாலை தொலைந்துபோகவில்லையே, எப்படி? திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் பதில் இருக்கிறது. பாதிரியார் கே. எம். மேத்யூவும் அவருடைய குழுவினரும் கல்வராயன் மலை உட்பட இந்தப் பகுதி முழுவதும் அலைந்து செடிகளைச் சேகரித்து, 1980களின் தொடக்கத்தில் பெரிய நூல்வரிசையாக வெளியிட்டார்கள். உலர்த்தி ஒட்டிய ஒவ்வொரு மாதிரியோடும் இடம், தேதி, எண் இருக்கும். பெயர் தவறென்று நாளை ஒருவர் சொன்னால், அந்தத் தாளை எடுத்து மறுபடி பார்க்கலாம்.

நம் ஹோயாவுக்கு இல்லாதது இந்தப் பதிவுதான். எந்த நர்சரி, எந்த வருடம், யார் கொடுத்த துண்டு என்பது இரண்டு கை மாறுவதற்குள் மறந்துவிடுகிறது. பிறகு இலையைப் பார்த்து ஊகிக்கிறோம். ஆனால் ஒரே செடியின் இலை வெயிலில் சிவக்கும், நிழலில் கரும்பச்சையாகும். 'கார்னோசா', 'பியூபிகேலிக்ஸ்' இரண்டும் இப்படித்தான் அடிக்கடி இடம் மாறுகின்றன. பின்னதன் பெயருக்கே மயிர் படர்ந்த புல்லிவட்டம் என்று பொருள். எனவே பூக்கும்வரை பொறுத்திருந்து, பூவின் பின்பக்கத்தைப் பாருங்கள். பூ உதிர்ந்ததும் காம்பை வெட்ட வேண்டாம். அதே காம்பில் மறுபடி பூக்கும்.

அடுத்த செடிப் பரிமாற்றத்துக்கு வரும்போது ஒவ்வொரு துண்டோடும் ஒரு சீட்டு கட்டிக் கொண்டுவாருங்கள். எங்கே, எப்போது, யாரிடம் வாங்கியது. பூத்ததா, பூவின் படம் இருக்கிறதா என்று எழுதினால் போதும். வகை உறுதியாகத் தெரியாவிட்டால் 'ஹோயா' என்று மட்டும் எழுதிப் பக்கத்தில் இடம் விடுங்கள். தெரிந்தவர் ஒருவர் பின்னால் நிரப்பட்டும். வெள்ளிமலைக்குப் போகிறவர்கள் கொடிப்பாலையைப் படம் எடுத்து வந்து நம் குழுவில் போடுங்கள். செடியை மட்டும் மலையிலேயே விட்டுவிடுங்கள்.