சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி (திண்டுக்கல் வட்டாரம்)

பார்வை, செவித்திறன், அறிவு வளர்ச்சி, கற்றல் ஆகியவற்றில் குறைபாடுள்ள குழந்தைகளுக்கும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கும் கற்பிக்கத் தேர்ச்சி தரும் தொழிற்கல்வியே சிறப்புக் கல்வி ஆசிரியர் பயிற்சி. பட்டயம், பி.எட்., எம்.எட். எனப் பல நிலைகளில் இது நடக்கிறது. பல்கலைக்கழகங்களில் பரவலாக இருப்பது பட்டப்படிப்பு முடித்தவர்களுக்கான இரண்டாண்டு பி.எட். சிறப்புக் கல்வி.

இப்படிப்புகளை நெறிப்படுத்துவது இந்திய மறுவாழ்வுக் கவுன்சில். இதற்கான சட்டம் 1992இல் நிறைவேறி 1993இல் நடைமுறைக்கு வந்தது. கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்ய முடியாது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மருத்துவருக்குப் பதிவு எப்படிக் கட்டாயமோ, இவர்களுக்கும் அப்படியே.

திண்டுக்கல்லிலிருந்து இப்படிப்புக்குப் போவோருக்கு இரண்டு திசைகள் உண்டு. நத்தம், சிங்கம்புணரி, திருப்பத்தூர் வழியே போனால் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். அங்கே சிறப்புக் கல்விக்கும் மறுவாழ்வு அறிவியலுக்குமாகத் தனித்துறை இயங்குகிறது. மேற்கே பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியே போனால் கோவை அவினாசிலிங்கம் மகளிர் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் சிறப்புக் கல்வித் துறை. வேலையையும் குடும்பத்தையும் விட்டு வர இயலாதவர்களுக்காகத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டரை ஆண்டுப் படிப்பாக இதைத் தொலைநிலையில் நடத்திவந்திருக்கிறது. இன்னும் தொலைவு போக முடிந்தவர்களுக்குப் பலவகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இயங்குகிறது.

பாடத்திட்டத்தில் கல்வி உளவியல் போன்ற பொதுப் பாடங்களும் எல்லாக் குறைபாடுகளையும் அறிமுகம் செய்யும் பாடங்களும் உண்டு. மாணவர் ஏதேனும் ஒரு குறைபாட்டைத் தம் சிறப்புத் துறையாகத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் இந்தப் படிப்பின் உயிர் செய்முறையில்தான் இருக்கிறது. எவ்வளவு எழுதினார் என்பதைவிட எத்தனை குழந்தைகளோடு உட்கார்ந்தார் என்பதே ஒருவரை ஆசிரியராக்குகிறது.

அறிவுசார் குறைபாட்டுத் துறையில் முதலில் கற்பது மதிப்பீடு. இதற்குத் தமிழ்நாடே ஒரு கருவியைத் தந்திருக்கிறது. சென்னையில் பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் வடிவமைத்த 'மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்' 18 பகுதிகளையும் பகுதிக்கு 20 வீதம் 360 செயல்களையும் கொண்டது. உண்பது, உடுத்துவது, பேசுவது, பணத்தைக் கையாள்வது என ஒவ்வொன்றிலும் குழந்தைக்கு எது வருகிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொண்டே போவார்கள். வந்தது எது என்ற குறிப்பிலிருந்துதான் அக்குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டம் பிறக்கிறது. குறையை மட்டும் பட்டியலிடும் பழக்கம் இங்கே உதவாது.

அடுத்தது செயலைக் கூறுகளாகப் பிரிப்பது. சட்டைப் பொத்தான் போடுவதை எடுத்துக்கொள்ளலாம். பொத்தானைப் பிடிப்பது, காஜாவை விரிப்பது, நுழைப்பது, மறுபக்கம் இழுப்பது என்று பிரித்துவிட்டு, கடைசிப் படியிலிருந்து கற்பிப்பார்கள். ஆசிரியர் பொத்தானைப் பாதி நுழைத்துக் கொடுக்க, குழந்தை இழுத்து முடிக்கும். 'நானே போட்டேன்' என்ற நிறைவு முதல் நாளிலேயே கிடைத்துவிடும். அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படி. இதே பொறுமையைப் பார்வைக் குறைபாட்டுத் துறை பிரெயில் பலகையில் கேட்கிறது. பலகையில் தாளைப் பொருத்தி ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் புள்ளிகள் புடைத்து, இடமிருந்து வலமாகப் படிக்க வரும். ஆறு புள்ளிகளுக்குள் தமிழின் உயிரும் மெய்யும் அடங்குகின்றன.

இப்படிக் கையால் செய்தே கற்கும் கல்வி திண்டுக்கல்லுக்குப் புதிதன்று. காந்தியர்களான சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டி அருகே தொடங்கிய காந்திகிராமம், கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி நெறியில் வளர்ந்த இடம்.

படித்து முடித்தவர்களுக்குச் சிறப்புப் பள்ளிகளில் வேலை உண்டு. இன்னொரு களம் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம். மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒன்றிய அளவில் இயங்கும் வட்டார வள மையத்தைச் சார்ந்து பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர் ஊர்ப் பள்ளிகளுக்குப் போய், அங்கே மற்றப் பிள்ளைகளோடு படிக்கும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்குத் துணை நிற்கிறார். பள்ளிக்கு வரவே முடியாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சி. வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் நூற்பாலை ஷிப்ட்டுக்குப் போகும் தாய் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்துப் போவதும் இந்த வேலையில் அடங்கும். தாய் கற்றுக்கொண்டால்தான் பயிற்சி மறுநாளும் தொடரும்.

இவ்வளவு பொறுப்பைச் சுமப்பவர்களில் பலர் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில் இருப்பது நியாயமன்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, குறிப்பிட்ட அளவு குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் வகுத்தது. பணியிடங்களை முறைப்படி உருவாக்கி நிரப்புமாறு 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மீண்டும் ஆணையிட்டது.

இப்படிப்பில் சேர விரும்புவோர், தாம் தேர்ந்த துறைக்கும் சேரும் ஆண்டுக்கும் அந்த நிறுவனத்துக்கு மறுவாழ்வுக் கவுன்சிலின் ஒப்புதல் உள்ளதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்புதல் இல்லாத படிப்பை முடித்தால் பதிவேட்டில் பெயர் ஏறாது.