கறுப்பு முக்கோணம்

வீடில்லாமல் அலைவது நாங்கள் வாழும் இந்த நாட்டில் ஒருகாலத்தில் குற்றம். 1871ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 361ஆம் பிரிவு அலைந்து திரிவதையும் பிச்சை கேட்பதையும் தண்டித்தது. சிறைவாசம் முடிந்த பிறகும் இரண்டு வருடம் வரை ‘வேலை இல்லத்தில்’ அடைக்கலாம். கெல்சென்கிர்ச்சன் அடங்கிய வெஸ்ட்பாலன் மாகாணத்துக்கு அப்படியொன்று லிப்ஸ்டாட் அருகே பெனிங்ஹவுசனில் இருந்தது. இல்லம் என்பது பெயரில் மட்டும்தான். இலங்கையிலும் ஆங்கிலேயர் 1841இலேயே இதே மாதிரி ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள்.

திருச்சபை வேறு வழி தேடியது. 1882இல் போதகர் பிரீட்ரிக் பொன் போடல்சுவிங், பீலபெல்ட் அருகே வில்கெல்ம்ஸ்டோர்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பைத் தொடங்கினார். அலைந்து வந்தவர்களுக்குப் படுக்கையும் சாப்பாடும் கிடைத்தன. பதிலுக்கு வேலை செய்ய வேண்டும். நல்ல மனதோடு செய்த காரியம். ஆனாலும் உழைக்கும் ஏழை வேறு, சோம்பேறி ஏழை வேறு என்ற பிரிப்பு அதற்குள் இருந்தது என்றே எங்களுக்குப் படுகிறது.

நாசிகள் அந்தப் பிரிப்பை அதன் எல்லை வரை கொண்டுபோனார்கள். 1933 செப்டம்பரில் நாடெங்கும் நடந்த சுற்றிவளைப்பில் பல்லாயிரம் பிச்சைக்காரர் கைதானார்கள். வீடற்றோருக்கான சேவையில் இருந்த கிறிஸ்தவர்கள் சிலரும் அதை வரவேற்றார்கள். இதை எழுதக் கசக்கிறது, ஆனால் மறைக்க முடியாது. 1938 யூனில் ஹைட்ரிக்கின் கட்டளை வந்தது: ஒவ்வொரு குற்றப்பொலிஸ் மாவட்டமும் வேலை செய்யக்கூடிய ஆண்கள் குறைந்தது 200 பேரைப் பிடிக்க வேண்டும். யார் என்ன செய்தார் என்பதல்ல, எண்ணிக்கை நிரம்பியதா என்பதே கேள்வி. ஏப்ரலில் பிடித்தவர்களையும் சேர்த்து 10,000க்கு மேற்பட்டோர் பூகன்வால்ட், சாக்சன்ஹவுசன் போன்ற வதைமுகாம்களுக்குப் போனார்கள். ‘சமூகவிரோதி’ என்று காட்ட அவர்களுடைய உடையில் கறுப்பு முக்கோணம் தைக்கப்பட்டது.

போர் முடிந்தும் 361ஆம் பிரிவு போகவில்லை. வேலை இல்லம் 1969இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. பிச்சையும் அலைதலும் குற்றமல்ல என்றானது 1974இன் சட்டத் திருத்தத்தோடு. கறுப்பு முக்கோணம் அணிந்தவர்களையும் நாசிகளின் பலியாட்களாக ஜேர்மன் பாராளுமன்றம் ஏற்றது 2020 பெப்ரவரியில். அதற்குள் அவர்களில் அநேகமாக எல்லோரும் இறந்துவிட்டார்கள்.

இன்று நிலைமை வேறு. தங்க இடமில்லாமல் வந்து கேட்பவருக்கு இடம் கொடுப்பது நகரசபையின் சட்டக் கடமை. பின்லாந்து 2008 முதல் இன்னும் ஒரு படி மேலே போய், முதலில் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு மற்றப் பிரச்சினைகளைப் பிறகு பார்க்கிறது. எங்களுக்குப் பக்கத்தில், டோர்ட்முண்ட், போகும் தெருக்களில் 1995 முதல் ‘போடோ’ என்ற சஞ்சிகை விற்கிறார்கள். அதன் விலையில் பாதி, கையில் பிடித்து விற்பவருக்கே.